தோணிக்காரன் எதைப் போட்டான்?

டூங்காபியைத் தாண்டும்போது பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று புல்லுக்குள் ஓடிவிட்டது. நான் தேடவில்லை. அதன் பிறகு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். தண்டவாள வேலை என்று அன்றைக்கு ரயில் இல்லை. பதிலுக்கு விட்ட பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக என்னைக் கடந்து போயின. பென்டில் ஹில் ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் ஏறியிருக்கலாம். ஆனால் கோபத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்தால் கோபமும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். நடந்தால் தூரமாவது குறையும்.

பென்டில் ஹில்லில் ஒரு வீட்டு கராஜுக்குப் பின்னால் இருந்த அறையையும், செவன் ஹில்ஸ் கிடங்கு ஒன்றில் இருந்த வேலையையும் ஒரே நாளில் விட்டுவிட்டு வந்திருந்தேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிறுபிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூனில் நான் பேசிய ஒரு வரி. அதைத் தப்பாகப் பேசிவிட்டேன் என்று பிள்ளைகள் முன்னால் நின்று சொல்லச் சொன்னார்கள். மாற்றிப் பேசித் தரவும் சொன்னார்கள். மாட்டேன் என்றேன்.

நான் பள்ளிக்கூடம் போனது ஒன்பதாவது வரைதான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். கொஞ்ச காலம் கப்பலில் பாத்திரம் கழுவினேன், சிங்கப்பூரில் கம்பி கட்டினேன், பிறகு மெல்பர்னில் ஒரு ஓட்டலுக்குத் தோசை மாஸ்டராக வந்தேன். அந்த ஓட்டல் மூடிய பிறகு ஷெப்பர்டனில் பேரிக்காய் பறித்தேன், மில்டூராவில் திராட்சை. டான்டினாங்கில் ஒரு குளிர்காலம் முழுக்க வேனில் படுத்தேன். காலையில் கண்ணாடியின் உட்பக்கம் ஐஸ் பிடித்திருக்கும், கார்டு வைத்துச் சுரண்டுவேன். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. ஒரு இடத்தில் நாலு சட்டை துவைத்துக் காயப்போட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான்.

சிட்னிக்கு வந்தபோது எனக்கு வேலை கொடுத்தவர் ஒரு இலங்கைத் தமிழர். அரிசி, மசாலா, கருவாடு எல்லாம் இறக்குமதி செய்பவர். ஞாயிறு தமிழ்ப் பள்ளியின் தலைவரும் அவரே. ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடும், நான் அண்ணே என்பேன். நல்ல மனுஷன். இருக்க அறை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கும் கூட்டிப் போவார், நாற்காலி அடுக்கவும் டீ ஊற்றவும். அவர்கள் கதிரை என்பார்கள். இரண்டே வாரத்தில் நானும் கதிரை என்றேன். சொல்லில் எனக்கு வீம்பு கிடையாது. அப்போது.

அந்தப் பள்ளியில் எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை பிள்ளைகள் வந்தார்கள். "வணக்கம் ரீச்சர்" என்று தமிழில் தொடங்குவார்கள். மிச்சம் முழுவதும் ஆங்கிலம். ஆத்திசூடியை ஒப்பிப்பார்கள், "உனக்குப் பசிக்குதா?" என்று கேட்டால் "நோ, ஐம் குட்" என்பார்கள். பாடம் நடத்திய டீச்சரும் இலங்கைக்காரர்தான். அவர் இதைப் பார்த்துப் பார்த்து, பிள்ளைகள் வீட்டில் விழுந்து விழுந்து பார்க்கும் ஒரு கார்ட்டூன் தொடரைத் தமிழில் பேசிக் காட்டினால் என்ன என்று யோசித்தார். மெல்பர்னில் ஒரு சின்ன ஸ்டூடியோ எடுத்த தொடர் அது. எழுதிக் கேட்டார். வகுப்பில் காட்டுவதற்கு மட்டும் என்றால் சரி என்று விட்டார்கள்.

கதை இதுதான். ஒரு அக்காவும் தம்பியும். அவர்களுடைய தீவு கடலில் தாழ்ந்துபோய்விடுகிறது. பேசத் தெரிந்த ஒரு கூழைக்கடாப் பறவையோடு தீவு தீவாகப் போய் அதைத் தேடுகிறார்கள். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் ஒரு தோணிக்காரன் வந்து அவர்களை அடுத்த தீவில் இறக்கிவிடுவான். முகம் தெரியாது, பெரிய ஓலைத் தொப்பி. இறக்கிவிட்டு, நான் கிளம்புறேன் என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் மூன்று சொல் சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

இந்தத் தோணிக்காரன் யார் என்று இன்டர்நெட்டில் பெரிய சண்டையே நடந்துகொண்டிருந்தது. சண்டை போட்டவர்கள் பாதிப்பேர் மீசை வைத்தவர்கள். அவன் எப்போதோ செத்துப்போனவன் என்று ஒரு கட்சி. அவன் நிழல் தண்ணீரில் விழுவதில்லை என்பது அவர்கள் ஆதாரம். பயணம் முழுவதும் அந்த அக்கா காய்ச்சலில் கண்ட கனவு என்று இன்னொரு கட்சி. மணிக்கணக்கில் வீடியோ போட்டிருந்தார்கள். நம் பிள்ளைகள் அதையும் விடாமல் பார்த்திருந்தார்கள்.

டீச்சர் வசனத்தைத் தமிழில் எழுதினார். பதிவு நடந்தது தலைவர் வீட்டு மாடியில், ஆள் உள்ளே போய் நிற்கக்கூடிய துணி அலமாரிக்குள். இரண்டு பக்கமும் அவர் மனைவியின் பட்டுச் சேலைகள். துணி இருந்தால் எதிரொலி வராதாம். தோணிக்காரனுக்குப் பேச வந்தவர் ஒரு கணக்காளர். கடல்காரன் மாதிரிப் பேசச் சொன்னால் வருமான வரி விளக்குவது மாதிரியே பேசினார். கீழே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த என்னைத் தலைவர் மேலே கூப்பிட்டார்.

"தம்பி, உன்ர குரல் சாக்கு இழுக்கிற மாதிரி இருக்கு. இதுக்குச் சரி."

டீச்சர் அன்றைக்கு வரவில்லை, தாளை மட்டும் அனுப்பியிருந்தார். தோணிக்காரனின் வரி இப்படி இருந்தது: சரி பிள்ளையள், நான் போட்டு வாறன்.

எனக்கு அந்த வரி இடித்தது. எங்கள் பக்கத்தில் போட்டு என்றால் ஏதோ ஒன்றைப் போட்டு. எதை என்று தாளில் இல்லை. அவர்கள் பேச்சில் போய்விட்டு என்பதுதான் தேய்ந்து போட்டு ஆகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லக் கூடாது, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. நாங்கள் அதைப் போயிட்டு வர்றேன் என்போம். தலைவர் வீட்டில் தினமும் அவர்கள் போட்டு வாறன் என்று சொல்லிக் கேட்டுத்தான் இருப்பேன். என் காது அதைப் போயிட்டு என்று திருத்தி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தாளில் பார்த்தபோது கண் திருத்தவில்லை.

படத்தில் தோணிக்குள் ஒரு துணிப்பை கிடந்தது. சரி, அதைத்தான் எங்கேயோ போடப் போகிறான் என்று நினைத்து, என் வாய்க்கு வந்தபடி சொன்னேன்:

"சரி பிள்ளைங்களா, நான் போட்டுட்டு வர்றேன்."

தலைவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவர் காதும் அவருக்கு வேண்டியபடி திருத்திக்கொண்டது போல. ஒவ்வொரு பகுதிக்கும் அதே வரி என்பதால் அந்த ஒரு பதிவையே எல்லாவற்றிலும் ஒட்டினார்கள்.

முதல் பகுதியைக் காட்டிய அன்று நான் வகுப்பின் பின்னால் பிஸ்கட் தட்டோடு நின்றேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும், பல்லுக்குக் கம்பி கட்டிய பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"மிஸ், வாட் இஸ் ஹி போடிங்?"

"தமிழில கேள்" என்றார் டீச்சர்.

"அவர் என்னத்தைப் போடுறார், ரீச்சர்?"

டீச்சருக்குக் கேள்வி புரியவில்லை. தான் எழுதிய வரி மனப்பாடமாக இருந்ததால், ஸ்பீக்கரில் வந்ததை அவர் கேட்கவே இல்லை. பையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தார். அதற்குள் இடைவேளை மணி அடித்துவிட்டது.

"எல்லாரும் வீட்டை போய் யோசிச்சு எழுதிக்கொண்டு வாங்கோ. தமிழில" என்றார்.

அப்படித்தான் அது வீட்டுப்பாடமாயிற்று.

அடுத்த ஞாயிறு டீ நேரத்தில் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அங்கிள், நீங்கள்தானே தோணிக்காரன்?" என்று கேட்டாள் கம்பிப் பல்.

"யார் சொன்னா?"

"பிஸ்கட் ஒண்டுதான் எடுக்கலாம் எண்டு சொல்லேக்க அதே குரல். என்னத்தைப் போடுறீங்கள்?"

"அதச் சொல்லிட்டா அப்புறம் போடுறதுல என்ன இருக்கு?"

இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. ஆனால் அந்த நாட்டில் என்னிடம் யாரும் கேள்வி கேட்டதே இல்லை. ஏற்று, இறக்கு, துடை, கையெழுத்துப் போடு, அவ்வளவுதான் என் காதில் விழும். பதில் சொல்ல எனக்குப் பிடித்திருந்தது.

"போட்டுத் தள்ளுறாரடா" என்றான் உயரமான பையன் ஒருவன். "இந்தியாப் படங்களில அப்பிடித்தான் சொல்லுவாங்கள்."

"உனக்கு லூசா? ஆரைப் போட்டவர்? கதையில ஒருத்தரும் குறையேல்லையே" என்றாள் கம்பிப் பல்.

"அப்ப குப்பை. கவுன்சில் குப்பை பின்னில போடுற மாதிரி."

"எல்லாரும் அவர் செத்துட்டார் எண்டு சொல்லினம்" என்றது ஒரு சின்னக் குரல்.

"செத்தவருக்கு என்னத்துக்குப் பை?" என்றாள் அவள்.

கார் நிறுத்துமிடம் வரை சண்டை போனது. தமிழில். யாரும் அவர்களைத் தமிழில் பேசச் சொல்லவில்லை. வேறு வழி இல்லை, அதனால் பேசினார்கள். ஆங்கிலத்தில் அந்தத் தோணிக்காரன் கிளம்புகிறேன் என்று மட்டும்தான் சொல்கிறான். போடுவதற்கு அங்கே எதுவும் இல்லை. மீசை வைத்த ரசிகர்கள் எவருக்கும் தெரியாத ஒரு கேள்வி இந்தப் பிள்ளைகளின் கையில் இருந்தது. அதைத் தமிழைத் தவிர எந்தப் பாஷையிலும் கேட்க முடியாது.

வாரா வாரம் அது வளர்ந்தது. கம்பிப் பல் ஒவ்வொரு பகுதியையும் நிறுத்தி நிறுத்திப் பையைப் பார்த்திருந்தாள். முதலில் தலையணை அளவு, பிறகு பள்ளிக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பை அளவு. வரைந்தவர்கள் கவனமில்லாமல் வரைந்திருப்பார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. நான் எதற்கு அதைச் சொல்ல வேண்டும்?

ஒரு நாள் மீன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"அவையின்ர தீவு தாழேல்லை, அங்கிள். அது பையுக்குள்ள இருக்கு. ஒவ்வொரு இடத்திலயும் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுட்டு வாறார்."

"ஏன், ஒரே இடத்துல மொத்தமாப் போட்டா என்ன?"

"ஒரே இடத்தில வைச்சா திருப்பியும் கடலுக்குள்ள தாட்டுப்போடுவாங்கள்."

பின்னால் அவளுடைய அப்பா நின்றார். கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தவர் சுழற்றுவதை நிறுத்திவிட்டார். அவள் அடுத்த கடி கடித்தாள். உறைப்பு கூட என்றாள்.

ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி உண்டு. வழக்கமாக அப்பா எழுதித் தருவதைப் பிள்ளை ஒப்பிக்கும். இந்தமுறை கம்பிப் பல் தானே ஒன்று எழுதினாள், தோணிக்காரன் எதைப் போட்டான் என்று. அதுவரை அவள் மேடை ஏறியதே இல்லை. பெயர் கொடுக்கச் சொன்னாலே வயிற்றுவலி வந்துவிடும் என்று அவள் அம்மா சொல்வார். எழுதியதை டீச்சரிடம் திருத்தக் கொடுத்தாள். முதல் வரியிலேயே என் வசனம் இருந்தது, நான் சொன்னபடியே. டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டிருக்கிறார்.

சனிக்கிழமை சாயந்திரம் தலைவர் வீட்டுக் குசினியில் கூட்டம். தலைவர், டீச்சர், கமிட்டியில் இருந்த, ஐடி வேலை பார்க்கும் எங்கள் தமிழ்நாட்டு அம்மா ஒருவர், நான். மேசையில் கடலை வடை இருந்தது.

"நான் எழுதினதென்ன, நீர் வாசிச்சதென்ன?" என்றார் டீச்சர். கோபத்தைவிட அவமானம்தான் குரலில் அதிகம். "இவ்வளவு நாளும் என்ர பிள்ளையள் இல்லாத ஒண்டைத் தேடிக்கொண்டு திரியுதுகள்."

"இல்லாததைத் தேடுறதுதானே டீச்சர் அந்தக் கதையே?"

"பகிடி விடாதேயும்."

"எங்க தமிழ்லயும் இது அப்படி வராதுங்க" என்றார் ஐடி அம்மா. "கிளம்புற ஆளு போட்டுட்டு வர்றேன்னு சொன்னா, தண்ணி போட்டுட்டு வர்றான்னுதான் நினைப்பாங்க."

தலைவர் சிரித்துவிட்டு, சிரிப்பை அடக்கினார். பிறகு முடிவைச் சொன்னார். விழாவில் கடைசிப் பகுதியைப் பெற்றோர் எல்லோருக்கும் காட்டப்போகிறார்கள். அதற்குள் நான் வரியைச் சரியாகப் பேசித் தர வேண்டும். நாளைக்கு வகுப்பில், வாசித்தது பிழை, தோணிக்காரன் எதையும் போடவில்லை, பையில் ஒன்றும் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை வேறு தலைப்பில் பேசும்.

"அவ பேச மாட்டாண்ணே" என்றேன்.

"சின்னப் பிள்ளை. மறந்திடும்."

"மறக்கத்தான் செய்யும். அப்புறம் எதுக்குத் தமிழ்ல பேசும்?"

டீச்சர் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை. அவருக்கும் அது தெரியும். ஆனால் பிழையைப் பிழை என்று சொல்லாமல் விட்டால் தான் எதற்கு டீச்சர் என்று அவர் நினைத்திருக்கலாம். அதையும் குறை சொல்ல முடியாது. வாசித்தது பிழைதான். அதை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. பிழையாகப் பிறந்தது என்பதற்காக ஒன்றைக் கொன்றுவிட வேண்டும் என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வகுப்பில் தலைவர் என் தோளில் கை போட்டு முன்னால் கூட்டிப்போனார்.

"இந்த அங்கிள் ஒரு விஷயம் சொல்லுவார். சொல்லு தம்பி."

இவ்வளவு பிள்ளைகள் முன்னால் நான் நின்றது ஒன்பதாம் வகுப்பில். அப்போது பெஞ்சு மேல் நிற்க வைத்திருந்தார்கள்.

"டீச்சர் எழுதினது போட்டு வாறன்" என்றேன். "போய்ட்டு வர்றேன்னு அர்த்தம். எனக்கு அது தெரியல. நான் போட்டுட்டு வர்றேன்னு படிச்சிட்டேன்."

உயரமான பையன் கம்பிப் பல்லைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகம் சிவந்து, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பேச்சு எழுதிய தாள்.

"பையில ஒண்டும் இல்லை எண்டு சொல்லு" என்றார் தலைவர் மெதுவாக.

"அது எனக்குத் தெரியாதுண்ணே."

"என்ன தெரியாது?"

"பையில என்ன இருக்குன்னு. வரைஞ்சவங்களே சொல்லல. டீச்சர் எழுதினது டீச்சரோட தோணிக்காரன். இங்கிலீஷ்ல பேசினது அவங்க தோணிக்காரன். இவங்க கேட்டது என்னைய. நான் போட்டுட்டு வர்றேன்னுதான் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அவன் போட்டான்."

கம்பிப் பல் தலையைத் தூக்கினாள். கை தூக்காமலே பேசினாள்.

"அப்ப ரெண்டும் சரி, ரீச்சர். அவர் போட்டுட்டு, போட்டு வாறார்."

முதலில் உயரமான பையன் சிரித்தான். பிறகு வகுப்பு முழுவதும் அதைச் சொல்லிப் பார்க்கத் தொடங்கியது. போட்டுட்டுப் போட்டு வாறார், போட்டுட்டுப் போட்டு வாறார். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

தலைவர் என்னை வெளியே கூட்டிவந்தார். அவர் சத்தம் போடவில்லை.

"உனக்கு இடம் தந்தனான். வேலை தந்தனான். ஒரு வரி. ஒரே ஒரு வரி கேட்டனான்."

"வேற எதுவும் கேளுங்கண்ணே. கன்டெய்னர் முழுக்க ஒத்த ஆளா இறக்கறேன்."

"அலுமாரிக்குள்ள வந்து அந்த வரியைச் சொல்லிப்போட்டுப் போ. இல்லையெண்டா நாளைக்குக் கிடங்குக்கு வராதை. அறையையும் விட்டுடு."

"சரிண்ணே."

"எது சரி?"

"ரெண்டாவது."

இப்படிச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சொன்னதற்கு அவரே வருத்தப்பட்டது போலவும் இருந்தது. ஆனால் தலைவர்கள் சொன்னதைத் திரும்ப வாங்க மாட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் நானும் அவரும் ஒரே ஜாதி.

பெட்டி கட்ட அதிக நேரம் ஆகவில்லை. எனக்கு எப்போதும் ஆனதில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகளை ஈரத்தோடு சுருட்டி வைத்தேன். அதனால்தான் பெட்டி கனத்தது, சக்கரம் போனது.

கிடங்கு ஆட்களை விட்டால் செவன் ஹில்ஸில் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர். மலேசியத் தமிழர். தமிழ்க் கடைகளுக்குக் காய்கறி போடும் வேன் வைத்திருந்தார். கிடங்குக்கு வரும்போது, ஆள் வேண்டும், யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று பல தடவை சொல்லியிருக்கிறார். கதவைத் திறந்தவர் பெட்டியையும் என்னையும் பார்த்தார்.

"என்ன லா தம்பி, ஊருக்கா?"

"இல்லண்ணே. இங்கதான்."

"சாப்டாச்சா?"

சாப்பிடவில்லை. சோறும் மீன் குழம்பும் போட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டார், சொன்னேன். கார்ட்டூனுக்காகவா என்று கேட்டார். ஆமா என்றேன். அவர் என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

"பையில என்னதான் இருந்துச்சு?"

பாருங்கள், ஐம்பது தாண்டிய மனுஷன். அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் போன் செய்தார்.

"எங்க நிக்கிறீர்?"

"செவன் ஹில்ஸ்ல, டீச்சர்."

"நல்ல வேலை பாத்துப்போட்டுப் போயிருக்கிறீர். நீர் போனாப் பிறகு பாடம் வாசிக்கச் சொன்னன். முழு வகுப்பும் இங்கிலிஷில பதில் சொல்லுது. வணக்கமும் சொல்லேல்லை. குட் மோர்னிங் மிஸ் எண்டுதுகள்."

"நான் சொல்லிக் குடுக்கல டீச்சர்."

"ஓம், தெரியும். நீர் சொல்லிக் குடுத்திருந்தா பிழையாத்தான் சொல்லிக் குடுத்திருப்பீர்."

நான் சிரித்தேன்.

"அவள் பேசட்டும் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். "அதைச் சொன்னாப் பிறகுதான் வாயைத் திறந்து தமிழ் கதைச்சதுகள். ஆனா படத்தில குரலை மாத்தத்தான் போறம். அதில தலைவர் விடமாட்டன் எண்டு நிக்கிறார்."

"கணக்காளரா?"

"ஓம்."

"அப்ப அவர் ஜிஎஸ்டியைத்தான் போட்டுட்டு வருவார்."

இந்தமுறை அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் அறை திரும்பக் கிடைக்கும், தலைவருக்கு மனம் சரியில்லை என்றார். வேண்டாம் டீச்சர் என்றேன். அறைக்காக இல்லை. மன்னிப்புக் கேட்டால், கேட்டதாகப் பிள்ளைகள் காதுக்குப் போகும். அவள் மேடையில் நிற்கும்போது அது அவள் வயிற்றுக்குள் போய் உட்காரும். குரலை மாற்றட்டும். பை மெலிந்தது மெலிந்ததுதான். அதை எந்தக் கணக்காளர் பேசியும் ஊத வைக்க முடியாது.

மறுநாள் விடியும்போது நானும் மலேசியக்காரரும் பிளெமிங்டன் மார்க்கெட்டில் நின்றோம். சம்பளம் பேசவில்லை, அவர் கையுறையைத் தூக்கிப் போட்டார், நான் மாட்டிக்கொண்டேன். முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கீரைக்கட்டு. வேனில் ஏற்றியதும் கறிவேப்பிலை வாசம் உள்ளே அடைத்துக்கொண்டது. முதல் கடை வென்ட்வேர்த்வில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். வேனை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, கறிவேப்பிலை ரெண்டு பெட்டி, முருங்கைக்கா ஒண்ணு. உள்ள போட்டுட்டு வாங்க."

"என்னண்ணே சொன்னீங்க?"

"போட்டுட்டு வாங்க லா. காது கேக்கலியா?"

கேட்டது. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

பெட்டிகளைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் வைத்தேன். கடையில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா கறிவேப்பிலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டுத் தலையாட்டினார்.

"புதுசோ நீங்கள்?"

"ஆமாக்கா. இன்னைலேர்ந்து."

"சரி தம்பி. போட்டு வாங்கோ."

அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

"போட்டாச்சுக்கா" என்றேன்.

அவர் விளங்காமல் பார்த்தார். நான் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அடுத்த கடை எங்கே என்று கேட்டேன்.

"பென்டில் ஹில்" என்றார்.

"விடுங்க" என்றேன். "போட்டுட்டு வருவோம்."